கையெழுத்துப் போட்ட புத்தகம்

அப்பாவின் உடலுக்குத் தலைமாட்டில் மெழுகுவர்த்தியை நட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் ராயப்பராஜ் அலமாரியைக் கவனித்தான். சாவி பூட்டிலேயே தொங்கியது. அப்பா அதை அரைஞாணிலிருந்து கழற்றியதே இல்லை.

கதவைத் திறந்தான். அப்பா ஞானராஜ் வாத்தியார், தலைவர்கள் கையெழுத்திட்ட அரசியல் புத்தகங்களாகத் தேடிச் சேர்த்தவர். திண்டுக்கல்லில் யார் பேசினாலும் கூட்டம் முடிந்து கார் கிளம்பும்வரை மேடைக்குப் பின்னால் நிற்பார். அந்தப் புத்தகங்களில் சிவப்புக் காலிகோத் துணி அட்டை போட்டது மட்டும் தனி. நூறே பிரதி அச்சடித்து, ஒவ்வொன்றிலும் எழுதியவரே எண் போட்டுக் கையெழுத்திட்டது. மகனைக்கூடத் தொடவிட்டதில்லை. அது இருந்த இடம் காலியாக இருந்தது.

அவன் மதுரையிலிருந்து அன்று காலைதான் வந்திருந்தான். அம்மா அழுதுகொண்டிருந்ததால் பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாளிடம் விசாரித்தான். நேற்றுச் சாயங்காலம் பேகம்பூர் சௌகத் அலி மட்டும் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசிவிட்டுப் போனதாகச் சொன்னாள். அப்பாவோடு கூட்டங்களுக்குப் போகிறவர். அவரும் புத்தகம் சேர்க்கிறவர்தான்.

சௌகத் அலி பந்தலில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. காபி வந்தபோதும் அதைக் கீழே வைக்கவில்லை. கண் அடிக்கடி உள்ளே போவதாக ராயப்பராஜுக்குப் பட்டது. துக்கத்துக்கு வந்தவருக்குப் பை எதற்கு?

சவப்பெட்டியை மூடுவதற்கு முன் அவர் எதிரில் போய் நின்றான்.

"அப்பாவோட பொஸ்தகம் ஒண்ணக் காணோம். பையில என்ன மாமா இருக்கு?"

பந்தலில் எல்லாரும் திரும்பினார்கள். சௌகத் அலி அவன் முகத்தையே பார்த்தார். பிறகு சிவப்புப் புத்தகத்தை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.

அடக்கம் முடிந்து வந்தபின் அம்மா வியாகுலம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். இது எப்படித் திரும்பி வந்தது என்று கேட்டாள். சொன்னான். அவள் முதல் பக்கத்தைப் புரட்டி, கையெழுத்துக்கு மேலே ஒட்டியிருந்த தாளை நகத்தால் நெம்பினாள். தாளுக்கு அடியில் அதே மையில் 'தோழர் சௌகத் அலிக்கு' என்றிருந்தது.

"கட்சியத் தடை பண்ண வருசம் அவரு வீட்டுல போலீசு சோதன போட்டுச்சு. வாத்தியார் வீட்டுல தேட மாட்டாகன்னு ஒங்கப்பா இத வாங்கியாந்து, பேர மறச்சு வச்சாரு. பெறகு அவரு கேக்கவே இல்ல. நேத்துத்தான் ஒங்கப்பாவே கூப்பிட்டுத் திருப்பிக் குடுத்தாரு."

இரவெல்லாம் மழை. விடிந்ததும் புத்தகத்தோடு பேகம்பூர் போனான். சௌகத் அலியின் மனைவி குர்ஷித் பேகம் கதவுக்குப் பின்னால் நின்றே பேசினாள். வாத்தியாரின் பெட்டிக்குள் வைக்கத்தான் நேற்று அதை எடுத்துப் போனாராம். இப்போது கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறாராம். அவனை உட்காரச் சொல்லவில்லை.

தோட்டத்தில் புதுமண் உள்வாங்கி, மரச்சிலுவை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. சௌகத் அலி குனிந்து அதை நிமிர்த்திக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டும் தலையைத் தூக்கவில்லை.

"யாரப்பா அது, செத்த நேரம் புடி. அடியில கல்லு வச்சிர்றேன்."

ராயப்பராஜ் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஈரமாயிருந்த சிலுவையை இரண்டு கையாலும் பிடித்தான்.