திங்கட்கிழமைச் சட்டை

1974-ஆம் ஆண்டு ஜனவரி ஏழாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள், திங்கட்கிழமை காலையில், தருமபுரத்தில் மத்லேன் வீட்டுத் துணிக்கொடியில் யாரும் துவைக்காத, யாரும் காயப்போடாத ஓர் ஆண் சட்டை ஈரம் சொட்டத் தொங்கியது. வெள்ளைச் சட்டை, முழுக்கை, கழுத்தளவு முப்பத்தொன்பது. அன்று காரைக்கால் மார்க்கெட்டில் கொடுவா மீன் வரத்து குறைவு, கடல் பக்கம் லேசாக மேகம் இருந்தது, வேறு விசேஷம் எதுவும் இல்லை. அந்த வீட்டில் ஆண் யாரும் கிடையாது. மத்லேனும் ஐந்து வயது மகள் ழுலியேத்தும் மட்டும்தான். மத்லேனின் கணவன் ழில்பேர் முந்தின அக்டோபரில் பிரான்சுக்குப் போனான். இரண்டு மாதத்தில் உங்களையும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன், போய்ச் சேர்ந்ததாக ஒரே ஒரு கடிதம் போட்டான். அதன்பிறகு கடிதமும் வரவில்லை, காசும் வரவில்லை. போட்ட கடிதத்திலும் விலாசம் எழுதவில்லை.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தாக்கள் சிலர் சேர்ந்து அப்போது ஓர் உதவிச் சங்கம் நடத்திவந்தார்கள். புருஷன் துணையில்லாமல் பிள்ளை வளர்க்கிற பெண்ணுக்கு மாதாமாதம் கொஞ்சம் பணம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம், அவள் ஏதாவது தொழில் படித்து வேலைக்குப் போக விரும்பினால் அந்தப் படிப்புச் செலவு என்று நல்ல காரியங்களாகத்தான் செய்தார்கள். ஆனால் விதிகளில் நாலாவதாக ஒன்று வைத்திருந்தார்கள்: வீட்டில் ஆண் துணை இருப்பதற்கான அடையாளம் எதுவும் காணப்படக்கூடாது. விதவை என்றால் சாவுச் சான்றிதழோடு போயிற்று. மனு போட்ட மத்லேன் விதவை இல்லை, விவாகரத்து ஆனவளும் இல்லை, ஆகவே அவள் வீட்டை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று வைத்தார்கள். பார்க்க வந்தவர் செயலாளர் ஓகுஸ்தேன், இந்தோசீனாவில் செர்ழானாக, அதாவது சார்ஜெண்டாக, இருந்தவர், நேரம் தவறாதவர். அவர் வந்தது அதே ஜனவரி ஏழாம் தேதி காலை எட்டு மணிக்கு.

“இது யாரு சட்டைங்க?” என்று கேட்டார்.

“தெரியலிங்க முசியே.”

“ஒங்க வீட்டுக் கொடியில தொங்குது. ஒங்களுக்குத் தெரியாதுங்குறீங்க.”

“காலையில எந்திரிச்சு வந்து பாத்தேன், இருந்துச்சு. மாதா மேல சத்தியமா அவ்வளவுதாங்க எனக்குத் தெரியும்.”

ஓகுஸ்தேன் சட்டைக் கையைப் பிடித்துப் பிழிந்து பார்த்தார். தண்ணீர் அவருடைய பூட்ஸ் மேலேயே விழுந்தது. நோட்டை எடுத்து, ‘ஆண் துணை உண்டு, சட்டை இன்னும் ஈரமாக உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மத்லேனின் மனு அன்று மாலையே தள்ளுபடியானது.

முதலில் அதிர்ந்து போனவள் மத்லேன்தான். ஊர் அதற்கப்புறம் அதிர்ந்தது. ஊருக்கு அந்த அதிர்ச்சியில் கொஞ்சம் ருசியும் இருந்தது. மாதா கோவிலில் பூசைக்கு அவள் பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் சட்டையை அடுப்பில் வைத்து எரித்தாள். அடுத்த திங்கட்கிழமை வேறொன்று வந்தது. மூன்றாவது வாரம் கொடியையே அவிழ்த்துச் சுருட்டி உள்ளே வைத்தாள். கொடி கட்டியிருந்த உயரத்தில், கயிறே இல்லாமல், சட்டை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அந்தரத்தில் தொங்கிச் சொட்டியது. அதைப் பார்த்த பால்காரர் செம்பைப் போட்டுவிட்டு ஓடினார். கயிறாவது இருந்தால் பார்க்க ஒழுங்காக இருக்கும் என்று மத்லேன் மறுபடி கொடியைக் கட்டினாள். சங்கம் ஒரு விடியற்காலை இரண்டு சொல்தாக்களை நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார வைத்தது. கயிறு காலியாக இருந்தது, கண்ணை மூடித் திறந்தோம், கயிறு பாரத்தில் தொய்ந்திருந்தது என்று இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள். தூங்கிவிட்டீர்கள் என்று ஓகுஸ்தேன் அவர்களை ஏசினார். இருவரில் ஒருவர் அன்றே சங்கத்தை விட்டு விலகிக்கொண்டார்.

சட்டை யாருடையது என்பதற்கு ஊரில் ஏழெட்டுப் பெயர்கள் அடிபட்டன. காலருக்குள் பிரெஞ்சு எழுத்தில் கடைப்பெயர் தைத்திருந்ததை எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. வேறு ஊராக இருந்திருந்தால் அந்தத் துணித்துண்டை முதலில் பிடித்திருப்பார்கள். இங்கே பாதி வீட்டில் பிரான்சிலிருந்து பார்சல் வருகிறது, எவன் சட்டையைப் புரட்டினாலும் பாரீசோ துலோனோ இருக்கும். அதனால் நம்மவர்களுக்கு அது ஓர் அடையாளமாகவே படவில்லை. படித்த ஜனங்கள் என்று பெயர்.

மத்லேனுக்கு நிஜமான பயம் வேறு. பெண்ணைப் படிக்க வைக்க வேண்டும், தானும் ஒரு வேலையில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் ழுலியேத்தும் தன்னைப் போல ஒருவன் கடிதத்தை நம்பிக்கொண்டு வாசலைப் பார்க்க வேண்டியதுதான். மத்லேன் கன்னியாஸ்திரிகளின் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில், பத்தாம் வகுப்புக்குச் சமமான ப்ரெவே வரை படித்தவள். அந்தச் சான்றிதழை எந்த அலுவலகத்தில் நீட்டினாலும் மேலும் கீழும் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். தமிழில் அவளுக்கு மனுகூட எழுத வராது. அடுத்த தெரு ரோஷன் பேகம்தான் ஒரு வழி சொன்னாள். அவள் புருஷன் சிங்கப்பூரில் இருந்தார், வீட்டில் தையல் மெஷின் இருந்தது, நாலு பேருக்குத் தைக்கக் கற்றுக்கொடுத்து வந்தாள்.

“எரிக்கிறியே, ஒனக்கு புத்தி இருக்கா புள்ள?” என்றாள். “எப்புடித் தச்சிருக்கான் பாரு. பிரிச்சுப் பாரு, பிரிச்ச மாரியே திருப்பித் தை. காலர் தைக்கக் கத்துக்கிட்டா அப்புறம் கைவராதது ஒண்ணுமில்ல.”

அப்படித்தான் மத்லேன் தொழில் கற்றாள். திங்கட்கிழமை வந்த சட்டையைச் செவ்வாய்க்கிழமை பிரிப்பாள், சனிக்கிழமைக்குள் திருப்பித் தைத்துவிடுவாள். சில சட்டைகள் ழுலியேத்துக்குப் பள்ளிக்கூட மேல்சட்டையாகின. அரசுத் தையல் பரீட்சை எழுதத் தமிழ் வேண்டும் என்பதால் மகளின் முதல் வகுப்புப் புத்தகத்தை மகளோடு சேர்ந்து படித்தாள், வருஷாவருஷம் இருவரும் ஒன்றாகத் தேறினார்கள். பணத்துக்குத்தான் திண்டாட்டம். ஊரில் ஒருவரும் அந்தச் சட்டைகளை வாங்கவில்லை, தொட்டால் பெயர் கெடும் என்றார்கள். வருகிற சட்டைகளின் அளவோ கூடிக்கொண்டே போயிற்று. முப்பத்தொன்பது நாற்பதாகி, 1976 கடைசியில் நாற்பத்தொன்றைத் தொட்டது.

“எவனோ நல்லாத் தின்னு ஊதுறான் லாத்தா,” என்று மத்லேன் ரோஷன் பேகத்திடம் சொன்னாள். அந்த வாரம் அவளும் பெண்ணும் நாலு நாள் கஞ்சிதான் குடித்திருந்தார்கள். அதை இப்போது எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

1977 நவம்பரில் புயல் அடித்தது. தருமபுரத்திலிருந்து விழிதியூர் வரைக்கும் கூரை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை, ஆண்கள் இடுப்பில் ஈரத்துண்டோடு நடுங்கிக்கொண்டு நின்றார்கள். மத்லேன் வீட்டுத் தகரப் பெட்டிகளில் நூற்றுக்கு மேற்பட்ட சட்டைகள் காய்ந்து மடித்து இருந்தன. அவள் வாசலில் பாயை விரித்து எல்லாவற்றையும் அடுக்கினாள். பெயர் கெடும் என்றவர்கள்தான் முதலில் வந்து வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். ஓகுஸ்தேன் வீட்டு ஓடுகள் பறந்து அவருடைய துணிமணியெல்லாம் சேற்றில் கிடந்தன. அவர் வரிசையில் கடைசியாக வந்தார். மத்லேன் அவர் அளவுக்கு ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அது அவருக்குக் கச்சிதமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்துச் சங்கத்தின் கூட்டம் நடந்தது. மத்லேன் நாலாவது தடவையாக மனு போட்டிருந்தாள். ஓகுஸ்தேன் வழக்கம்போல் நோட்டைப் பிரித்து, கொடியில் ஆண் சட்டை காணப்பட்டது என்று வாசித்துக்கொண்டே நிமிர்ந்தார். எதிரே ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஏழு பேர் போட்டிருந்தது மத்லேன் வீட்டுச் சட்டை. எட்டாவதாக அவரே. அந்தச் சட்டை ஒரு பெண் வீட்டில் ஆண் இருப்பதற்கு அத்தாட்சி என்றால், இந்த எட்டுப் பேரும் எங்கே இருந்தார்கள் என்று நோட்டில் எழுத வேண்டும். ஓகுஸ்தேன் முகம் வெளிறிப்போயிற்று. மூன்று யுத்தங்களைப் பார்த்தவர் அன்றுதான் உட்கார நாற்காலியைத் தேடியதாக அங்கே இருந்த ஒருவர் சொன்னார். பிறகு பேனாவை எடுத்து நாலாவது விதியை அடித்தார். மறுநாள் மத்லேன் வீட்டுக்கு அவரே நடந்துபோய், நான்கு வருஷத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும் என்று சொல்லி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பணத்தை வாங்கிக்கொண்டாள். மன்னிப்பைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பிறகு வருஷங்கள் சிரமமில்லாமல் போயின. மாதப் பணத்தில் அடுப்பு எரிந்தது, ழுலியேத்தின் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியாயிற்று, மத்லேன் அரசுத் தையல் பரீட்சை இரண்டையும் தமிழில் எழுதித் தேறினாள். 1981 ஜூனில் வரிச்சிக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை கிடைத்தது. முதல் மாதச் சம்பளம் வந்ததும் இனி என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தாள். சட்டை மட்டும் திங்கள் தவறாமல் வந்தது. ஊர் ஆண்கள் அவளிடம் குறைந்த விலைக்கு வாங்கி உடுத்தப் பழகிவிட்டார்கள். துணி மட்டும் வரவர மட்டமாகிக்கொண்டே வந்தது. பருத்தி போய் நைலான் வந்தது, முழுக்கை போய் அரைக்கை வந்தது, நாற்பத்தொன்று இறங்கி இறங்கி முப்பத்தெட்டில் நின்றது. அந்த ஆளுக்கு ஏதோ சீக்கு என்று மத்லேன் நினைத்துக்கொண்டாள்.

1986 மே பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமை கொடி காலியாக இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் மத்லேன் இவ்வளவு பயந்ததில்லை. ரோஷன் பேகம் வந்து பார்த்தாள், தெருவே வந்து பார்த்தது. ழுலியேத் பிளஸ் டூ எழுதி முடித்து நர்ஸ் படிப்புக்கு மனு போட்டிருந்த சமயம். மூன்று வருஷப் படிப்பு, சட்டை விற்ற காசு இல்லாமல் டீச்சர் சம்பளத்தில் மட்டும் இழுக்க முடியாது.

அன்று பதினொரு மணி பஸ்ஸில் ழில்பேர் வந்து இறங்கினான். அக்னி நட்சத்திர வெயிலில் கம்பளிக் கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தான். பஸ் கண்டக்டர் போட்டிருந்தது, 1983 ஈஸ்டருக்கு அவன் வாங்கிய நீலக்கோடு சட்டை. டீக்கடைக்காரர் மேல் இருந்ததன் பையில் அவன் பேனா கசிந்த கறை அப்படியே இருந்தது. ரிக்‌ஷாக்காரர், தபால்காரர், எதிரே குடை பிடித்து வந்த ஓகுஸ்தேன் என்று ஊரே அவனை உடுத்திக்கொண்டு நடந்தது. நடுரோட்டில் நின்று பே என்று விழித்தவனை ஒரு லாரிக்காரர் திட்டி ஓரமாக்கினார்.

வீட்டு வாசலில் வந்து நின்றான். மத்லேன் உள்ளே வரச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

“ஞாயித்துக்கெழம துவைச்சுக் காயப்போடுவேன்,” என்றான். “திங்கக்கெழம பாத்தா இருக்காது. வாராவாரம். வீட்ட மாத்துனேன், ஊர மாத்துனேன், வேல போச்சு. கூட இருந்தவ, எந்தப் பொம்பள வீட்டுல கழட்டிப் போட்டுட்டு வர்றேன்னு கேட்டுட்டுப் போய்ட்டா. போன வாரம் துவைக்கச் சட்டையே இல்ல.” கோட்டைத் திறந்தான். உள்ளே வெறும் மார்பு, எண்ணி எடுக்கலாம் போல விலா எலும்பு.

“அல்லாவே,” என்று ரோஷன் பேகம் வாயில் கையை வைத்துக்கொண்டாள். “அப்ப நீ பிரிச்சுத் தச்சதெல்லாம் இந்த மனுசன் சட்டையா?”

மத்லேனுக்குக் கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, இரண்டும் சேர்ந்து கண்ணில் தண்ணீராக வந்தது. காசு அனுப்ப மனசில்லாதவனிடமிருந்து யாரோ வாரம் தவறாமல் வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். அவனுடைய கழுத்தைப் பார்த்து, “முப்பத்தெட்டு,” என்றாள். உள்ளே போய், தான் தைத்து வைத்திருந்த ஒரு சட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“போட்டுக்குங்க. ஆனா இங்க தங்க வேணாம். இந்த வீட்டுல ஆம்பள இல்லன்னு நாலு வருசம் சொல்லிச் சொல்லித்தான் நாங்க நின்னோம்.”

ழுலியேத் தகப்பனை மேலும் கீழும் பார்த்தாள். அவனை அவளுக்கு ஞாபகமே இல்லை. “இனிமேயும் சட்டை வருமாம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

ழில்பேர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, பென்ஷன்காரர்களுக்குப் பிரெஞ்சில் மனு எழுதிக் கொடுத்துப் பிழைத்தான். அடுத்த திங்கட்கிழமை, மத்லேன் கொடுத்த அதே சட்டை அவள் வீட்டுக் கொடியில் ஈரம் சொட்டத் தொங்கியது. அவன் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்தான், எடுக்காமல் திரும்பிப் போய்க் கடைத்தெருவில் புதிதாக ஒன்று வாங்கினான். அதிலிருந்து வாராவாரம் வாங்கினான், வாராவாரம் அது கொடிக்குப் போய், விற்ற காசு ழுலியேத்தின் படிப்புக்குச் சேர்ந்தது. திங்கட்கிழமை காலையில் அவன் வெற்றுடம்போடு துணிக்கடைக்குப் போவதை ஊர் பார்த்துப் பழகிவிட்டது, கடைக்காரர் முப்பத்தெட்டை எடுத்து வெளியே வைத்திருப்பார்.

1989-இல் ழுலியேத் படிப்பை முடித்து ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு சனிக்கிழமை முதல் சம்பளத்தைக் கொண்டுவந்து தாய் கையில் கொடுத்தாள். திங்கட்கிழமை விடிந்தபோது கொடியில் இரண்டு புடவையும் ஒரு நர்ஸ் உடுப்பும் மட்டும் காய்ந்துகொண்டிருந்தன. அன்று ஒன்பது மணிக்கு ழில்பேர் போன வாரத்துச் சட்டையையே போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கு வந்தான். துணிக்கடைக்காரர் எடுத்து வைத்திருந்த முப்பத்தெட்டை மடித்துத் திரும்ப உள்ளே வைத்தார்.