பொட்டலத் தாளின் நிறம்

...அந்த விண்ணப்பப் படிவத்தில் மொரேனா என்று ஒரு கட்டமே இல்லை, அதுதான் வேடிக்கை, பிறந்ததிலிருந்து ஊரே அவளை அப்படித்தான் கூப்பிட்டது, ரொட்டிக்கடைக்காரர், பாதிரியார், முதல் காதலன், எல்லோருக்கும் அவள் மொரேனா, மாநிறக்காரி, அரசாங்கத்துக்கு மட்டும் அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை. வெள்ளை, கறுப்பு, மஞ்சள், பூர்வகுடி, பார்டா. ஐந்தில் ஒன்று. பார்டா என்றால் கலப்பு நிறமாம், எவ்வளவு கலந்தால் கலப்பு என்று எங்கேயும் போடவில்லை, தோற்றத்தைப் பார்த்துப் பல்கலைக்கழகக் குழு முடிவு செய்யும், தாய் தகப்பன் நிறம் கணக்கில் வராது, அவ்வளவுதான். கடையில் பொட்டலம் கட்டுகிற தாளுக்கும் அதே பெயர்தான்... பிரேசிலின் தெற்கே குரிச்சிபா நகரத்து மருத்துவமனையில், செவிலியர் உடை மாற்றும் அறையில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் ஜசீரா, மடியில் செல்போன், பக்கத்தில் திறக்காத சோற்று டப்பா. முப்பத்தாறு வயதில் மருத்துவப் படிப்பு. பொதுப் பட்டியலில் பதினோரு மதிப்பெண் குறைகிறது, பார்டா என்று போட்டால் ஒதுக்கீட்டுப் பட்டியலில் இடம் உறுதி. இன்று மாலை ஐந்து மணியோடு சரி.

கூட வேலை செய்கிற இரேனா, போலந்து வழிக்காரி, உன்னைப் பார்த்தால் பார்டாதானா என்று யாருக்கும் சந்தேகமே வராதே என்று நல்ல மனதோடுதான் சொல்லிவிட்டுப் போனாள், ஆனால் சுருக்கென்று தைத்தது. ஏன் தைக்க வேண்டும்? அதுதானே இப்போது வேண்டும்? வடக்கே பஹியாவில், சொந்த ஊரில், கூப்பிடுவது மொரேனா என்றாலும் கணக்கில் அவள் வெள்ளை. பிறப்புச் சான்றிதழிலேயே வெள்ளை, பதிவு அலுவலகத்தில் அப்பா சொன்னார், எழுத்தர் எழுதினார். அதற்கு நான்கு வருடம் முன்னால் அதே அப்பா, அதே எழுத்தர், அக்கா எதினால்வாவுக்கு பார்டா என்று எழுதியிருந்தார்கள். கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஜசீரா தேவதை, அக்கா திரை இழுப்பாள். பள்ளிக்கூடத்துச் சீருடை அவளுக்கு, அடுத்தவர் வீட்டு அடுப்படி அக்காவுக்கு. பிறகு மூன்று நாள் பஸ் பயணம், தெற்கே வந்து இறங்கினால் வழியிலேயே எங்கோ கறுத்துவிட்டிருக்கிறாள், கண்ணாடியில் அதே முகம்தான், ஆனால் நாற்பத்திரண்டாம் படுக்கைக் கிழவி கையை மெதுவாக இழுத்துக்கொண்டு, வேறு பெண் யாரும் இல்லையா என்று மரியாதையாகத்தான் கேட்டாள்... அது பொய்யா? அந்தக் கிழவி எந்தக் குழுவைக் கேட்டாள்?

காலையில் அக்காவைப் போனில் கூப்பிட்டிருக்கக் கூடாது. கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அக்கா யோசிக்கவே இல்லை, போட்டுக்கோ, இதுக்குப் போய் எங்கிட்ட கேக்குறியா, டாக்டர் தங்கச்சி இருந்தா எனக்குத்தானே பெருமை என்றாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தபோது நிதானமாக இன்னொன்றும் கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுடி ஜசி. இப்ப நீ பார்டான்னா, இத்தன வருஷம் அந்த வீட்ல நான் யாரு?"

சிரித்துக்கொண்டே கேட்டாளா, வலியோடு கேட்டாளா, சத்தத்தில் தெரியவில்லை. பதில் வருவதற்குள், அடுப்பில் பீன்ஸ் இருக்கு, வைக்கிறேன் என்று வைத்துவிட்டாள். ஜசீராவுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே அந்த இடமும் வேண்டியிருந்தது, அழுகை வருகிற அளவுக்கு வேண்டியிருந்தது.

குழு கேட்டது முகம் மட்டும் தெரிகிற மாதிரி வீடியோ, பெயர், நிறம், இரண்டே வரி. எடுத்தாள். "நான் ஜசீரா. என் நிறம் பார்டா என்று அறிவிக்கிறேன்." குரல் நடுங்கியது, அழித்தாள். இரண்டாவதில் இரேனா கதவைத் திறந்துவிட்டாள். மூன்றாவது சுத்தமாக வந்தது, குரல் தெளிவு, கண் நேராக, இதைவிட நன்றாக வராது, அனுப்பிவிடலாம் என்று கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். முகத்துக்குப் பக்கத்தில் அவள் கை இருந்தது. கன்னத்தை ஒட்டி, ஜன்னல் வெளிச்சம் படாமல் நிழல் பக்கமாகத் தூக்கிப் பிடித்த, முகத்தைவிடக் கறுத்துத் தெரிந்த கை, சட்டைக் கை முழங்கைக்கு மேல் வரை சுருட்டியிருந்தது. யாரும் கையைக் கேட்கவில்லை. எப்போது சுருட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.