பதினோராவது பலகை

ராடோவன் மிஹாலிக், வயது இருபத்தாறு. சொந்த ஊர் ஸ்லோவாக்கியாவில் ஒராவா பக்கம். இப்போது இருப்பது செக் நாட்டில், மொராவியாவின் லிபோவெட்ஸ் என்ற சின்ன ஊரில், மர அறுவை ஆலை வேலையில். ஒரே நாடாக இருந்த இரண்டும் பிரிந்தபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். ஆனாலும் லிபோவெட்ஸில் எது கெட்டுப்போனாலும் தன்னால்தான், அதுவும் தான் ஸ்லோவாக்கியாக்காரன் என்பதால்தான் என்று பதறுவான். இந்த ஒரு தடவை மட்டும் உண்மையிலேயே அவனால்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி ரஷ்ய டாங்கிகள் நாட்டைப் பிடிக்க வந்தபோது நாடு முழுக்க ஜனங்கள் வழிகாட்டிப் பலகைகளைத் திருப்பி வைத்தார்கள், சிப்பாய்கள் வழி தெரியாமல் அலையட்டும் என்று. அதற்கு ஐம்பது வருஷம் ஆனதை ஒட்டி, லிபோவெட்ஸில் ஒரு நாள் மட்டும் மறுபடி திருப்புவதாக முடிவானது. விழாக் கமிட்டித் தலைவர் ஓல்ட்ரிக். பதினான்கு வயதில் கம்பத்தில் ஏறித் திருப்பியதே தான்தான் என்பார். இன்னும் இரண்டு பேரும் அப்படியே சொல்கிறார்கள். அந்தக் கம்பத்தில் ஒரு பூனைக்குத்தான் இடம் உண்டு.

இப்போது மூன்று பேருக்குமே முழங்கால் வலி. ஓல்ட்ரிக்கின் மகள் ஹெட்விகாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற ராடோவன் தானாகவே முன்வந்தான். அவர் திருப்பச் சொன்னது இரண்டு பலகை. இவன் விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏணியும் ஸ்பேனருமாகப் போய்ப் பதினொன்றைத் திருப்பிவிட்டு வந்தான். பாதிக்கு மேல் ஒரு பன்றிக் கொட்டகையைக் காட்டின.

மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு அவன் அப்பா அம்மா பெண் கேட்டு வருவதாக ஒரு மாதம் முன்பே பேச்சு. அவர்களும் சாலை வழியாகத்தான் வருவார்கள் என்பது, ஹெட்விகா வீட்டு அடுப்பில் விருந்துக்கான வாத்து பாதி வெந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அப்பா கொர்னெல் போனில் வழி பார்க்க மாட்டார். இடது வலது சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கும்போது இன்னொரு குரல் எதற்கு என்பார்.

பன்னிரண்டரைக்கு அம்மா கூப்பிட்டாள்.

"டேய் ராடோ, ஒரு குளம் வருதுடா. அதுல அன்னம் மாதிரி ஒரு மிதிபடகு. மூணாவது தடவையா பாக்கறோம். உங்கப்பா அதுக்குக் கையாட்ட ஆரம்பிச்சுட்டார்."

அதோடு சிக்னல் போய், போன் கட்டாகிவிட்டது. ராடோவன் ஓல்ட்ரிக்கிடம் போய், பலகைகளை நேராக்கிவிடலாமா என்று மென்று விழுங்கிக் கேட்டான். சாயங்காலம் ஆறு மணிவரை தொடக்கூடாது, கமிட்டித் தீர்மானம் என்றார் அவர்.

"அறுபத்தெட்டுல யாராவது வாத்து ஆறுதுன்னு பலகையை நேராக்கினாங்களா தம்பி? பொண்ணு கேக்க வர்ற அன்னைக்கே வழி தெரியலைன்னா, மனசில்லைன்னுதான் அர்த்தம். நான் இன்னொரு நாள் குறிக்க மாட்டேன்."

ஹெட்விகா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவள் அம்மா பிளாஷெனா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"அறுபத்தெட்டுல இந்தப் பக்கம் ஒரு டாங்கியும் வரலை. ரொட்டி வண்டிதான் வந்துச்சு. அது வழி தெரியாம போலந்து எல்லை வரைக்கும் போச்சு. மூணு நாள் வெறும் உருளைக்கிழங்கு."

அதற்குப் பெயர்தான் தியாகம் என்றார் ஓல்ட்ரிக்.

ஊர்ச் சதுக்கத்து விழாவில் ஒரு மணிக்குப் பேசவேண்டிய அதிகாரியும் வரவில்லை, பேண்டு வாத்தியக்காரர்களும் வரவில்லை. அதிகாரி போனில் ஏதோ அன்னப் படகைப் பற்றிப் புகார் சொன்னாராம். ஓல்ட்ரிக் மைக்கை நான்கு தடவை தட்டிப் பார்த்தார். கமிட்டியாவது தீர்மானமாவது என்று ராடோவன் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு, அவர் கண்ணெதிரிலேயே சதுக்கத்தைக் கடந்தான். "தம்பி, அந்த ஏணி போனா கல்யாணமும் போச்சு" என்றார் அவர். இவன் நிற்கவில்லை.

அப்போது தேவாலயத் திருப்பத்தில் ஒரு பழைய பச்சை ஸ்கோடா வந்தது. பின்னாலேயே அதிகாரியின் கறுப்புக் கார், பேண்டுக்காரர்களின் பஸ், தேன் விற்கிறவனின் வேன். ஸ்கோடாவிலிருந்து கொர்னெல் ஒரு கையில் ஆட்டுப்பால் சீஸும் இன்னொரு கையில் சாராய பாட்டிலுமாக இறங்கினார்.

எப்படி வழி கண்டுபிடித்தீர்கள் என்று ஓல்ட்ரிக் கேட்டார்.

"நாங்க பாத்த எல்லாப் பலகையும் ஒரே பன்னிக் கொட்டகையைக் காட்டுச்சு. இன்னைக்கு என்ன தேதின்னு என் பெண்டாட்டியைக் கேட்டேன். ஆகஸ்ட் இருபத்தொண்ணுன்னு சொன்னா. சரிதான்னு, எந்தப் பக்கம் பலகை காட்டலையோ அந்தப் பக்கமா வண்டியை விட்டேன். வழியில நின்னவங்களையும் கூட்டிட்டு வந்தேன்."

"ரஷ்யாக்காரனுக்கே புரியாதது உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது?"

"அன்னைக்கு எங்க ஊர்லயும் திருப்பினோம், சம்பந்தி. எங்களுக்கும் மூணு நாள் ரொட்டி வரலை."

ஓல்ட்ரிக் அவர் கையிலிருந்த சாராய பாட்டிலை வாங்கிக்கொண்டு ராடோவன் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, ஏணியைக் கீழ வை. இத்தனை பேருக்கு வாத்து பத்தாது. ஓடிப்போய் ரொட்டி வாங்கிட்டு வா."

அன்று ஆறு மணிக்குமேல் ராடோவன் பத்துப் பலகைகளை நேராக்கினான். பதினோராவது எங்கே இருக்கிறது என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. மறுநாள் காலை லிபோவெட்ஸுக்கு ரொட்டி வண்டி வரவில்லை.

கல்யாணம் அக்டோபர் ஆறாம் தேதி. இதைப் படிக்கிற சொந்தக்காரர்கள் எல்லோரும் வரவேண்டும். வழியில் அன்னப் படகு கண்ணில் பட்டால், தயவுசெய்து அங்கேயே நின்று ராடோவனுக்குப் போன் செய்யுங்கள். வரும்போது ஆளுக்கு ஒரு ரொட்டி கொண்டு வாருங்கள்.