ரங்கூன் வீட்டுத் தவளைகள்

மேலப்பாளையத்து நஸீமா கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். மலைத் தவளைகளைப் பற்றி மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு சிறு புத்தகம் எழுதி முடித்திருந்தாள். மறுநாள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். ஷார்ஜாவிலிருந்து ஒரு மாத விடுப்பில் வந்திருந்த கணவன் ஹசன் அலி, பிழை பார்த்துத் தருவதாகச் சொல்லித் தாள்களை வாங்கிக்கொண்டான். அங்கே அவனுக்குக் கிடங்கில் சரக்குப் பட்டியல் சரிபார்க்கும் வேலை. தவளை விஷயத்தில் இவன் எதைக் கண்டுபிடித்துவிடப் போகிறான் என்று நஸீமா நினைத்தாள்.

சாயாவோடு உட்கார்ந்தவன் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டான்.

“நஸீமா, ‘இந்தக் குடும்பத்தைப் பிறகு குடும்பமாக உயர்த்தினார்கள்’னு போட்டிருக்கே. இதுல ஒசந்தது எது?”

எட்டிப் பார்த்தவளுக்குத் தவறு புரிந்தது. மலைத் தவளைகளில் ரானிக்ஸாலினே என்ற துணைக்குடும்பத்தைப் பின்னாளில் ரானிக்ஸாலிடே என்று தனிக் குடும்பமாக்கியிருந்தார்கள். அதற்கேற்பத் திருத்துவதாக நினைத்து, ‘துணைக்குடும்பம்’ என்று வந்த இடத்தையெல்லாம் கணினியில் ஒரே தட்டில் மாற்றியிருந்தாள். பழைய வரலாறும் சேர்ந்து மாறிப்போயிருந்தது.

இருவருமாக ஒவ்வொன்றாய்த் திருத்தினார்கள். அவன் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தான், அவளும் சலிக்காமல் சொன்னாள். ஒரே ஆண்டில் இரண்டு அறிஞர்கள் இந்தத் தவளைகளுக்கு ஆளுக்கொரு பேர் வைத்தார்களாம். இந்திரானா என்ற பேர் நிலைத்தது, ரானிக்ஸாலஸ் வழக்கொழிந்தது. ஆனால் ஒழிந்த பேரிலிருந்து வந்த குடும்பப் பேர் மட்டும் இன்னும் இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

“இதுல என்ன இருக்கு? நம்மள ரங்கூன் வீட்டுக்காரங்கன்னுதான ஊருல சொல்லுதாங்க. ரங்கூன் போனவுக பேரு நமக்கே தெரியாது. வீட்டுப் பேரு போயிருச்சா?”

நஸீமா பேனாவை வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். பிறகு அவன் சொன்னதை அப்படியே புத்தகத்தில் எழுதிச் சேர்த்தாள். ஊர் சிரிக்கும் என்று அவன் தடுத்ததைக் கேட்கவில்லை.

விடுப்பு முடிய நான்கு நாள் இருக்கையில் இருவரும் மணிமுத்தாறு அருவிக்குப் போனார்கள். ஈரப் பாறையில் நீண்ட வாலோடு தலைப்பிரட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. குளத்தில் இல்லாமல் இப்படிப் பாறையிலேயே வளருகிறவை என்று அவள் காட்டினாள். பார்த்துவிட்டுச் சீக்கிரம் சாப்பிடப் போகலாம் என்றவன், சட்டை நனைவது தெரியாமல் முக்கால் மணி நேரம் குந்தியிருந்தான். கூப்பிட வந்தவளைக் கைநீட்டித் தடுத்தான்.

“பைய வா. ஒண்ணுக்குக் கால் மொளைச்சிருக்கு.”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அவன் பக்கத்தில் குந்தினாள்.