ஜோங்காவின் தரையில் நான்கு துளைகள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு ஆணி என் ஸ்கூட்டர் டயரில் ஏறியது, அவ்வளவுதான். வண்டி நின்ற இடத்துக்கு எதிர் வீட்டு வாசலில் பச்சை நிற ஜோங்கா ஒன்று நின்றது. (ராணுவம் ஓட்டிய, ஜீப்பைவிடப் பெரிய வண்டி. இந்த விளக்கத்தைக் கதைக்குள் நாசூக்காக நுழைக்கப் பார்த்தேன். வரவில்லை. அடைப்புக்குறிக்குள்ளேயே கிடக்கட்டும்.) வீட்டுக்காரர் முருகவேல் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, பஞ்சர் ஒட்டி முடிந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஆணிக்கு என் நன்றி.

அன்றே எழுதிய முதல் வரி இது:

குண்டுகள் சீறிய பள்ளத்தாக்கில், எதிரியின் கண்ணில் மண்ணைத் தூவி, அந்த ஜோங்கா தன்

வேண்டாம். ஆனால் முருகவேலும் இங்கேதான் தொடங்கினார் என்பதால் அடிக்காமல் விடுகிறேன்.

2

முருகவேல் லாரி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். ஒரு மல்லாட்டை (வேர்க்கடலை) மில்லுக்குப் பின்னால் சக்கரம்கூட இல்லாமல் கிடந்த ஜோங்காவை வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அதற்கே கொடுத்தார். பம்பரைச் சுரண்டியபோது, அம்புக்குறி போட்ட பழைய ராணுவ எண் தெரிந்தது. பின்பக்கத் தரையில் சதுரமாக நான்கு போல்ட் துளைகள். "மெஷின்கன் மாட்டியிருக்காங்கண்ணே" என்றான் மெக்கானிக் எழில்.

அது போதுமானதாக இருந்தது. தெரு முழுக்கச் சொன்னார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் குடியரசு தின ஊர்வலத்துக்கு வண்டியைக் கேட்டார்கள். ‘போர் கண்ட வண்டி’ என்று பலகை எழுதிவிட்டார்.

"எந்தப் போர்னு யாராச்சும் கேட்டா இன்னா சொல்லுவீங்க?" என்றாள் மனைவி சரோஜா.

அதற்காகத்தான் வண்டியையும் எண்ணையும் படமெடுத்து, தெரிந்த ஒரு முன்னாள் சிப்பாயிடம் கொடுத்து, முன்னாள் ராணுவத்தினரின் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னார் முருகவேல்.

3

மறுநாள் போனில் ஒரு பெண் பேசினாள்.

"அண்ணா, கீழ்பென்னாத்தூர்லேர்ந்து தேவிப்ரியா பேசறேன். அந்த நம்பரைப் பாத்ததுலேர்ந்து எங்கப்பா சாப்பாட்டுல கைய வைக்கல. வண்டியப் பாத்தே ஆவணும்னு ஒரே புடி. கூட்டினு வரட்டுங்களா?"

(அவள் அப்பா இருசப்பனுக்கு முறுக்கு மீசை வைத்து, சுபேதார் ஆக்கி, ஒரு பக்கம் எழுதினேன். பொய்யாக இருந்தது. கிழித்துவிட்டேன்.) வந்தவர் குள்ளமானவர். எழுபதைத் தாண்டியவர். வண்டியின் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்னால் போய், மகள் தோளைப் பிடித்து ஏறி, துளைகளைத் தடவினார்.

"மெஷின்கன் இருந்த எடம்ங்களா ஐயா?" முருகவேல் ஆவலாகக் கேட்டார்.

பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "மெஷின்கன்னா? என் பருப்பு டிரம் நின்ன எடம் தம்பி இது! மலையில கவுந்துடும்னு போல்ட் போட்டு இறுக்கினோம். நான் சமையக்காரன். மேல காவல்ல இருக்கிற பசங்களுக்கு சுடச்சுட சோறு ஏத்தினு போவோம்."

"அப்போ சண்டைக்கே போவலையா?"

"நாங்க இருந்த வரைக்கும் சண்டையே இல்லியே. பனிதான் ஜாஸ்தி."

முருகவேலின் முகம் வெந்த கத்தரிக்காய் போல ஆனது. (உவமை எனக்குப் பிடிக்கவில்லை. முகம் அப்படித்தான் ஆனதாம்.)

4

பிறகு இருசப்பன் சொன்னதை நான் அலங்கரிக்கவில்லை.

சிக்கிம் மலையில் ஒரு மாலை, சோறு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பனி சரிந்தது. முன்னாலும் போக வழியில்லை, பின்னாலும் வழியில்லை. வண்டிக்குள் அவரும் இரண்டு சிப்பாய்களும் டிரைவர் பிஷன் சிங்கும். இன்ஜின் ஓடினால்தான் சூடு. ஆனால் சைலன்சரைப் பனி மூடினால் புகை உள்ளே வந்து ஆளைக் கொன்றுவிடும். பிஷன் சிங் இறங்கி, கொட்டக் கொட்ட அந்தப் பனியைக் கையால் வாரிக்கொண்டே இருந்தான். கையுறை கிழிந்தும் வாரினான்.

"நாங்க மாத்திக்கிறோம்னோம். 'என் வண்டி, நீங்க உக்காருங்கடா'ன்னு திட்டினான். விடிஞ்சி ஆளுங்க வந்தப்போ அவன் வெரலெல்லாம் கருத்துப்போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. அதோட பாக்கல. எனக்கும் மாத்தல் வந்துடுச்சு." வண்டியின் பக்கவாட்டுத் தகட்டைத் தட்டிக்கொடுத்தார். "நன்றின்னு ஒரு வார்த்த சொல்லல தம்பி. அப்புறம்தான் எனக்குக் கல்யாணம், இதோ இவ, பேரன் பேத்தி, எல்லாம்."

தேவிப்ரியா அழுதாள். இதை அவளும் அன்றுதான் கேட்கிறாள்.

5

அவர்கள் பஸ் ஏறிய பிறகு, "பலகைய இன்னா பண்றது? சிரிப்பாங்க" என்றார் முருகவேல்.

"துப்பாக்கி இருந்தா பெருமை, சோறு இருந்தா கேவலமா? தெனமும் வடிச்சுக் கொட்டறவகிட்ட சொல்றீங்க பாருங்க" என்றாள் சரோஜா.

பலகையை அழித்து, ‘சோறு கொண்டுபோன வண்டி’ என்று எழுதினார். குடியரசு தினத்தன்று முன் இருக்கையில் இருசப்பன். பிள்ளைகள் வண்டியைச் சூழ்ந்துகொண்டு கேட்டது ஒரே கேள்வி: "தாத்தா, கூட இன்னா கொழம்பு?"

"பருப்புதான்டா. எப்பவும் பருப்புதான்."

முருகவேல் அன்றே குழுவில் இன்னொரு செய்தி போடச் சொன்னார். இம்முறை வண்டியைப் பற்றி அல்ல. பிஷன் சிங்கைப் பற்றி.

6

முடிவுகள் என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்றில் பிஷன் சிங் ரயிலேறித் திருவண்ணாமலைக்கே வந்து இறங்குகிறார். மற்றதில் செய்திக்குப் பதிலே வருவதில்லை. முதலாவது சினிமா. இரண்டாவதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

நடந்தது இது. இமயமலைப் பக்கம் கார்வாலிலிருந்து யாரோ ஒரு எண் அனுப்பினார்கள்: பிஷன் சிங் வீட்டு எண், இப்போது யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

ஜோங்காவின் அருகில் நின்று இருசப்பன் போன் போட்டார். மறந்துபோன இந்தியை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார். "தமிழ்லயே சொல்லுங்கய்யா, புரியும்" என்றார் முருகவேல். எதிர்முனையில் எடுத்துவிட்டார்கள். பெரியவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய்விட்டார். பாதி இந்தி, பாதி தமிழ். முருகவேல் போய் ஒட்டுக்கேட்கவில்லை. கேட்காததை நானும் எழுதமாட்டேன்.

திரும்பி வந்தபோது இருசப்பனின் கண்ணாடி நனைந்திருந்தது. போனைக் காதிலிருந்து எடுத்து, இன்ஜின் பக்கமாக நீட்டினார்.

"தம்பி, கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணுங்க. சத்தம் கேக்கணுமாம்."

யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. பிஷன் சிங்குக்கா, அவர் மனைவிக்கா, மகனுக்கா? நல்லவேளை, தமிழில் அந்த வாக்கியத்துக்கு எழுவாய் தேவையில்லை. நீங்கள் விரும்பியவரை வைத்துக்கொள்ளுங்கள்.

முருகவேல் சாவியைத் திருகினார்.