மிளகாய்ச் சிப்பி

அண்ணன் இல்லாத வீட்டில் அந்தப் பாஸ்தாவைச் செய்யக் கூடாது என்று சொன்னவள் நான்தான். “யாருக்கு அண்ணி தொண்டைல இறங்கும்? சும்மா விடுங்க” என்று போனிலேயே சண்டை பிடித்தேன். அண்ணி கேட்கவில்லை. போன வருட விடுமுறைக்கு அடுப்பே பற்ற வைக்காமல் ஆளுக்கொரு மூலையில் கிடந்தோம், மறுபடியும் அப்படிக் கிடக்கத் தன்னால் முடியாது என்றாள்.

அண்ணன் ஹோட்டல் சமையல்காரன். வீட்டில் ஒரு துரும்பை எடுத்துப் போட மாட்டான், குளிக்க வெந்நீர்கூட அம்மா வைத்துக் கொடுக்க வேண்டும். விடுமுறை விருந்தன்று மட்டும் எங்களை வெளியே தள்ளிவிட்டுச் சமையலறையில் புகுந்துகொள்வான். சிப்பி வடிவத்தில் இருக்கும் பெரிய பாஸ்தாக்களைப் பாதி வேக வைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் கீரையும் சீஸும் திணித்து, தக்காளி சாஸில் நெருக்கமாக உட்கார வைத்து, மேலே இன்னும் சீஸைத் துருவிக் கொட்டி ஓவனில் தள்ளுவான். அதில் ஒரே ஒரு சிப்பிக்குள் மட்டும் பச்சை மிளகாயை நசுக்கி வைத்திருப்பான். அது யார் வாயில் மாட்டுகிறதோ அவர்தான் அன்றைக்குப் பாத்திரம் முழுவதும் தேய்க்க வேண்டும். என்ன மாயமோ, அவன் வாயில் அது மாட்டியதே கிடையாது. திருட்டுப் பயல்.

அப்படிப்பட்டவன் ஒருநாள் வேலைக்குப் போன இடத்தில், அடுப்பு முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குழந்தை இல்லை. அண்ணி தன் அம்மா வீட்டுக்கும் போகவில்லை. அவளும் என் அம்மாவும் ஒருவருக்கு ஒருவர் துணையாக அந்த வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

விருந்தன்று காலையிலேயே போய்ச் சேர்ந்தேன். என் வீட்டுக்காரருக்கு டியூட்டி, வரவில்லை. அம்மா வாசல் அறையில் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நானும் அண்ணியும் வெந்த சிப்பிகளை ஈரத்துணியில் பரப்பி, கரண்டிக் காம்பால் ஒவ்வொன்றாக நிரப்பத் தொடங்கினோம்.

“வாயாடி, கத்தாம கேளு” என்றாள் அண்ணி. “நான் வேலை பாக்கற மருந்துக் கடைக்கு எதிர்ல மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்காரே, அவரு என்னைக் கல்யாணம் பண்ணிக்கறேன்னு கேட்டிருக்காரு.”

என் கையிலிருந்த சிப்பி கிழிந்துவிட்டது.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அத்தைகிட்ட கேக்கணும்னு சொன்னேன். அவங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இந்தப் பேச்சு அதோட முடிஞ்சுது.”

“உங்களுக்குப் பிடிச்சிருக்கா?”

கீரையைக் கிளறியபடியே இருந்தாள். பிறகு, “பிடிச்சிருக்கு. அதான் பயமா இருக்கு” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அதற்குள்ளாகவா என்று நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து முழுங்கிவிட்டேன். பாவம், இளைத்துத் துரும்பாகியிருந்தாள். ஆனால் அம்மாவையும் நினைக்க வேண்டியிருந்தது. இவளும் போய்விட்டால் அம்மாவுக்கு யார்? என்னோடு வா என்றால் லேசில் வருகிற ஆளா அவள்? வேண்டாம் என்று சொல்லிவிடு அம்மா என்று வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டிக்கொண்டதற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

மிளகாயைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. அண்ணி வடிகட்டியைக் கழுவத் திரும்பியபோது நான் ஒரு சிப்பியை ரகசியமாகத் தயார் செய்து ஓரத்தில் செருகினேன். அவனுக்காக இதையாவது செய்ய வேண்டாமா?

சாப்பாட்டுக்கு ரேடியோ சித்தப்பா வந்தார். ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், அதனால் அந்தப் பெயர். தட்டில் விழுந்த இரண்டாவது சிப்பியிலேயே ரேடியோ நின்றது. “ஐயோ, தண்ணி! தண்ணி!”

“மாட்டினீங்களா சித்தப்பா? பாத்திரம் இன்னிக்கு உங்களுக்குத்தான்!” என்று கைதட்டிவிட்டு நான் ஒரு வாய் எடுத்தேன். காது வரை எரிந்தது. இது எப்படி என்று யோசிப்பதற்குள் அந்தப் பக்கம் அம்மா இருமத் தொடங்கினாள்.

“என்ன கூத்து இது, எத்தனைதான் வெச்சீங்க?” என்றார் சித்தப்பா.

“நான் ஒண்ணுதான் வெச்சேன்” என்றேன்.

“நானும் ஒண்ணு வெச்சேன்” என்றாள் அண்ணி. “நீ மறந்திருப்பேன்னு நினைச்சேன்.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க ரெண்டு பேரும் தட்டு எடுக்கப் போனீங்கல்ல, அப்ப நான் ஒண்ணு வெச்சேன். உங்களுக்கெல்லாம் அவன் ஞாபகம் எங்க இருக்கப் போகுதுன்னு நினைச்சுட்டேன்டி.”

சித்தப்பாதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. காரம், காரம் என்று சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்தினோம். காரமாம், பெரிய காரம்.

அந்த அழுகையோடு அழுகையாக அண்ணி சொல்லிவிட்டாள். கடைக்காரர் கேட்டதை, தனக்குப் பிடித்திருப்பதை, எல்லாவற்றையும். “நீங்க வேண்டாம்னா வேண்டாம் அத்தை. சத்தியமா எனக்கு வருத்தம் இல்ல.”

சித்தப்பா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அம்மா தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

“என் பிள்ளை போகும்போது என்னை ஒரு வார்த்தை கேக்கல. நீயாவது கேக்கறியே” என்றாள்.

“நான் போயிட்டா உங்களை யாரு அத்தை பாத்துக்குவா?”

“நீ இந்த வீட்டுக்கு வந்தது அவனுக்காக. எனக்குக் காவல் இருக்க இல்ல.” என்றாள் அம்மா. “எனக்குச் சந்தோஷமா இருக்குன்னு பொய் சொல்ல மாட்டேன். இல்ல. ஆனா வேண்டாம்னு என் வாயால வராது. போ, சரின்னு அவருக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லிடு.”

“சாப்பிட்டு முடிச்சுட்டு…”

“இப்பவே சொல்லு. நாளைக்கு என் மனசு மாறினாலும் மாறிடும்.”

அண்ணி போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தும் வரை அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகுதான் மேசைக்கு அடியில் துழாவி என் கையைப் பிடித்தாள்.