நான்காவது விடை

என் அண்ணி சவ்ரினிசோவால் போட முடியாத கணக்கு எங்கள் குஜந்த் நகரிலேயே இல்லை என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். பள்ளியில் கணக்கு டீச்சர். வெளிநாட்டில் மேற்படிப்புக்காக ஜி.ஆர்.இ. தேர்வுக்குத் தயாரானபோது மட்டும், அதே கணக்குப் பகுதியில் மதிப்பெண் ஏறவில்லை. உதவித்தொகைக்கு வேண்டியதற்குச் சற்றுக் கீழேயே நின்றது.

வீட்டில் அண்ணி எழுதும் மாதிரித் தேர்வுகளுக்குக் கைபேசியில் நேரம் பார்ப்பதும் திருத்துவதும் என் வேலை. இரண்டு அளவுகளை ஒப்பிடும் கேள்விகளில் நான்கு விடைகள் உண்டு: இது பெரிது, அது பெரிது, இரண்டும் சமம், கொடுத்த தகவலை வைத்துச் சொல்ல முடியாது. நான்காவதை அண்ணி தொடவே மாட்டார். நாங்கள் படித்த பழைய ரஷ்யக் கணக்குப் புத்தகங்களில் எல்லாவற்றுக்கும் கடைசிப் பக்கங்களில் விடை இருக்கும்.

"எக்ஸ் எவ்வளவுன்னே சொல்லலையே அண்ணி. ரெண்டா இருந்தா அதோட வர்க்கம் பெரிசு, அரையா இருந்தா வர்க்கம் சின்னது."

"கணக்குன்னு குடுத்தா விடை இருக்கணும் மவ்ஜுதா. தெரியாதுன்னு சொல்ல டீச்சர் எதுக்கு? உன்னைக் கேட்டாலே போதுமே."

அண்ணன் அஸ்லிதீன் ரஷ்யாவில் யாகூத்ஸ்க் நகரில் கட்டட வேலையில் இருந்தான். வசந்தத்தில் கேட்டால் இலையுதிர் காலத்தில் வருகிறேன் என்பான். அப்போது கேட்டால் அடுத்த வசந்தம். அவன் போனில் பேசி முடித்ததும் அண்ணி வாதுமை மரத்தடியில் நின்று, இந்த வேலை முடியும், டிக்கெட் கிடைக்கும், நோன்புக்கு முன் வந்துவிடுவார் என்று கணக்குப் போடுவார். அதற்கும் ஒரு விடை வைத்திருப்பார்.

தலைநகர் துஷான்பேயில் தேர்வு. கிளம்புவதற்கு முதல்நாள் அண்ணன் பேசினான். அடுத்த வாரம் வந்தாலும் வருவேன் என்றானாம். அண்ணி புத்தகத்தை மூடிவிட்டார். தேர்வுக்குப் போகவில்லை என்றார். மதிப்பெண் கிடைத்து வெளிநாடு போய்விட்டால், அவர் வரும்போது வீட்டில் நான் இருக்க மாட்டேனே என்றார்.

அம்மா பிற்பகல் தொழுகை முடித்து வந்து தேநீர் ஊற்றினாள். எங்கள் வீடுகளில் கிண்ணத்தில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவோம். இரு, மறுபடி ஊற்றுகிறேன் என்பது அதன் பொருள். நிரப்பினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அன்று அண்ணியின் கிண்ணத்தை அம்மா விளிம்புவரை நிரப்பினாள்.

அண்ணியின் முகம் வெளுத்தது. "நான் என்ன தப்பு செஞ்சேன் அம்மா?"

"ஒரு தப்பும் இல்ல. எம்மவன் எப்ப வருவான்? எனக்குத் தெரியாது. அவனுக்கே தெரியாது. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லிட்டுக் கிளம்பும்மா. அவன் வந்தா நான் என்ன பட்டினியா போடப்போறேன்?"

அண்ணி சூடு ஆறுமுன்னே முழுதும் குடித்தார். கண்ணீர் கிண்ணத்துக்குள்ளேயே விழுந்தது. பிறகு புத்தகத்தைத் திறந்தார். ஒப்பிடும் கேள்வி ஒன்றில் வெகுநேரம் பென்சில் நின்றது. பிறகு நான்காவது விடையைக் குறித்தார். சரியாக இருந்தது. இறைவன் தன் கருணையைச் சின்னப் பாத்திரங்களிலும் அனுப்புகிறான் என்று நான் நம்புகிறேன்.

விடியலில் பங்கு டாக்ஸி வந்தது. அம்மா கைகளை ஏந்தி துஆ செய்து முகத்தைத் தடவிக்கொண்டாள். வண்டி பாலத்தைத் தாண்டும்வரை வாசலிலேயே நின்றாள்.

மதியம் சாப்பாட்டு விரிப்பில் அண்ணனின் இடத்தில் வழக்கம்போல் ஒரு கிண்ணம் வைத்தாள். பக்கத்தில் அண்ணியின் கிண்ணம். இரண்டிலும் அடியில் ஒரு வாய் அளவே தேநீர் ஊற்றினாள்.